திருகையும் கடிகாரமும்

இடைக்கால ஐரோப்பா: வாழ்ந்த கதை, வளர்ந்த கதை – 9

1315 ஆகஸ்ட் 10. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்ட் பரிவாரத்தோடு செயின்ட் ஆல்பன்ஸ் வந்து இறங்கினார். லண்டனுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிற ஊர். நாட்டின் பணக்கார மடங்களில் ஒன்று அங்கேதான் இருந்தது. ராஜா வருகிறார் என்றால் மடத்து அடுப்பு அணையாது. ஆனால் அன்றைக்கு அரச பரிவாரத்துக்குப் போதுமான ரொட்டி கிடைக்காமல் திண்டாடிப் போனார்கள். இதை எழுதி வைத்தவர் அதே மடத்தின் துறவி ட்ரோக்லோ.

மன்னரிடம் காசுக்குப் பஞ்சமில்லை. வாங்கத்தான் தானியம் இல்லை. அந்த வருடம் வசந்த காலத்தில் பிடித்த மழை விடவே இல்லை. விதைத்தது வயலிலேயே அழுகியது. கால்நடைக்கு வெட்டிப்போட்ட புல் காயவில்லை. உப்பு காய்ச்சவும் முடியவில்லை. உப்பில்லாமல் இறைச்சியைப் பதப்படுத்தி வைக்க வழியில்லை. மறு வருடமும் அதே கதை. 1317 வரை நீண்ட இந்தப் பெரும் பஞ்சத்தில் இங்கிலாந்து மக்களில் பத்தில் ஒருவராவது இறந்திருப்பார் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

ராஜாவுக்கே இந்தக் கதி என்றால் குடியானவன் பாடு? அவன் வீட்டில் ஒரு மூட்டை தானியம் எஞ்சியிருந்தால்கூட அதை இஷ்டப்பட்ட இடத்தில் அரைத்துவிட முடியாது. எங்கே அரைக்க வேண்டும், அதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே விதி வகுத்து வைத்திருந்தார்கள். மீறினால் அபராதம்.

சென்ற வாரம் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தின் கதையைப் பார்த்தோம். 1191-ல் ஹெர்பர்ட் என்ற பாதிரியார் தன் நிலத்தில் காற்றாலை கட்டினார். காற்று எல்லோருக்கும் பொதுதானே என்று கேட்டார். மடாதிபதி சாம்சன் கோபத்தில் சாப்பாடே இறங்காமல் தவித்தார், ஆலையை இடிக்க ஆள் அனுப்பினார். ஆள் வருவதற்குள் ஹெர்பர்ட்டே அதைப் பிரித்துப் போட்டுவிட்டார். காற்றுக்கே அந்த நிலைமை என்றால் ஆற்றுத் தண்ணீருக்கு என்ன நிலைமை என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தோம்.

பதில் செயின்ட் ஆல்பன்ஸில் இருக்கிறது.

*

முதலில் ஆலையின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். அது சாதாரணப் பெருமை அல்ல.

கெண்ட் நாட்டு மன்னர் ஏதெல்பெர்ட் கி.பி. 600 வாக்கில் ஒரு சட்டத் தொகுப்பு வெளியிட்டார். யாருக்கு யார் தீங்கிழைத்தால் எவ்வளவு தண்டம் என்று பட்டியல் போடும் சட்டம். அதில் அரசரின் மாவரைக்கும் அடிமைப் பெண்ணுக்கும் தனியாக ஓர் இடம் உண்டு. அவளைத் தொட்டவன் 25 ஷில்லிங் கட்ட வேண்டும். மாவரைப்பதற்கென்றே ஒருத்தி, அரைத்து அரைத்தே அவள் ஆயுள் முடியும். அடிமை வைத்துக்கொள்ள வசதியில்லாத வீட்டில் மனைவியோ மகளோ அந்த வேலையைச் செய்தாள். நாள்தோறும் திருகையின் முன்னால் உட்கார்ந்து, ஒரு கையால் தானியத்தைப் போட்டு மறு கையால் சுற்ற வேண்டும்.

ஏறக்குறைய 500 ஆண்டுகள் கழித்து, 1086-ல், வில்லியம் மன்னரின் உத்தரவுப்படி நாட்டையே கணக்கெடுத்தார்கள். டூம்ஸ்டே புத்தகம் என்று பின்னால் பெயர் பெற்ற அந்தக் கணக்கில் சுமார் 6,000 ஆலைகள் இருக்கின்றன. ஏறத்தாழ 50 குடும்பங்களுக்கு ஒன்று. ஆற்றை மறித்து, வாய்க்கால் வெட்டி, தண்ணீரைச் சக்கரத்தின்மேல் பாய்ச்சினார்கள். சக்கரம் சுற்றினால் பல்சக்கரங்கள் சுற்றும், அவை சுற்றினால் மேலே கல் சுற்றும். பல பெண்கள் நாள் முழுக்கச் செய்யும் வேலையைத் தண்ணீர் செய்துவிட்டுப் போனது. இடைக்காலத்தை இருண்ட காலம் என்று ஒரே சொல்லில் ஒதுக்குகிறவர்கள் அந்தச் சக்கரத்தின் அருகில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும்.

சரி, அந்தப் பெண்கள் திருகையைத் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்களா? இல்லை. திருகையை ஒளித்து வைத்தார்கள்.

*

அணை கட்டவும், வாய்க்கால் வெட்டவும், தேய்ந்த கல்லை மாற்றவும் பெரும் பணம் தேவைப்பட்டது. அந்தப் பணம் நிலப்பிரபுவிடம் இருந்தது. போட்ட பணத்தை எடுக்க அவர் கண்டுபிடித்த வழி எளியது: என் நிலத்தில் வாழ்கிற எல்லோரும் என் ஆலையில்தான் அரைக்க வேண்டும். கூலியைக் காசாகத் தர வேண்டாம், தானியத்திலேயே எடுத்துக்கொள்கிறேன். 16-ல் ஒரு பங்கு, 20-ல் ஒரு பங்கு, 24-ல் ஒரு பங்கு என்று ஊருக்கு ஊர் அளவு மாறும்.

16-ல் ஒரு பங்குதானே என்று தோன்றலாம். அந்தக் காலத்து விளைச்சலோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். ஒரு மூட்டை கோதுமை விதைத்தால் நல்ல வருடத்தில் நாலு மூட்டை வரும். அதில் ஒரு மூட்டை அடுத்த விதைப்புக்கு. மொத்த விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு திருச்சபைக்கு. மிச்சம் இரண்டரை மூட்டைச் சொச்சம். நிலத்துக்கான வாரமும் வரியும் போனபிறகு மீந்ததைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் போனால், அங்கே ஒரு கை நீளும். அந்தக் கை அளக்கிற மரக்கால் சரியான மரக்கால்தானா என்ற சந்தேகம் வேறு. கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் காத்துக் கிடக்க வேண்டும்.

வீட்டில் திருகை இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. உடம்பு நோகும், அவ்வளவுதான். ஆகவே மக்கள் பழைய கருவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். புதிய கருவியின் அருமை தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. அருமை தெரிந்தது, அதன் விலையும் தெரிந்தது.

செயின்ட் ஆல்பன்ஸில் நிலப்பிரபு என்றால் மடாதிபதி. ஊருக்குச் சொந்தக்காரரும் அவரே, ஆலைகளுக்குச் சொந்தக்காரரும் அவரே. வெர் என்ற சின்ன ஆற்றின் தண்ணீரில் ஓடிய மடத்து ஆலைகள் மாவு மட்டும் அரைக்கவில்லை. நெய்த கம்பளித் துணியைத் தண்ணீரில் போட்டு அடித்து இறுக்குகிற வேலையையும் செய்தன. முன்பெல்லாம் அதைத் தொட்டிக்குள் நின்று காலால் மிதித்துச் செய்வார்கள். இப்போது ஆலையின் மரச் சம்மட்டிகள் செய்தன. அதற்கும் கட்டணம்.

1274-ல் ஊரார் வீட்டிலேயே துணியை மிதித்தார்கள், வீட்டிலேயே மாவரைத்தார்கள். அப்போதைய மடாதிபதி ரோஜர் ஆட்களை அனுப்பித் துணியையும் கல்லையும் பறிமுதல் செய்தார். ஊரார் பணம் வசூலித்து வழக்குப் போட்டார்கள். ராணி எலினோர் அந்த வழியாக வந்தபோது பெண்கள் திரண்டு போய் அழுது முறையிட்டார்கள். வழக்கு அரச நீதிமன்றம் வரைக்கும் போனது. ஜெயித்தது மடம்.

பெண்கள் வீடு திரும்பினார்கள். இன்னும் 50 வருடம் பொறுத்தார்கள்.

*

1327 ஜனவரி. ரொட்டி கிடைக்காமல் திண்டாடிய அதே இரண்டாம் எட்வர்டை அவருடைய ராணியே பதவியிலிருந்து இறக்கினார். நாட்டில் யார் ஆட்சி செய்கிறார்கள் என்று தெரியாத அந்த இடைவெளியை செயின்ட் ஆல்பன்ஸ் மக்கள் வீணாக்கவில்லை. மடத்தை முற்றுகையிட்டார்கள், உள்ளே உணவு போகவிடாமல் தடுத்தார்கள். கடைசியில் மடாதிபதி ஹியூ இறங்கி வந்தார். ஊருக்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. தங்கள் விவகாரங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம், நாடாளுமன்றத்துக்குப் பிரதிநிதி அனுப்பலாம். இந்தப் பெரிய உரிமைகளோடு, ஊரார் உடனே கையில் எடுத்துக்கொண்ட ஒரு சின்ன உரிமையும் இருந்தது. ஊருக்குள் சுமார் 80 திருகைகள் வெளிப்படையாகச் சுற்றத் தொடங்கின.

அதே ஆண்டு செப்டம்பரில் ஹியூ இறந்தார். புதிய மடாதிபதியைத் துறவிகள் தேர்ந்தெடுத்தபோது, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தற்செயலாக வந்திருந்த ஒருவர் பெயர் வந்தது. ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட். வயது 35.

இவரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிறந்தது வாலிங்ஃபோர்ட் என்ற ஊரில், கொல்லர் குடும்பத்தில். பத்து வயதில் அப்பாவை இழந்தவரை அந்த ஊர் மடத்தின் தலைவர் எடுத்து வளர்த்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார். பட்டறைச் சத்தத்தில் பிறந்த பையன் கணிதத்திலும் வானியலிலும் மூழ்கிப் போனான். கோள்கள் எந்த நாளில் எங்கே நிற்கும் என்று கணக்கிடுவதற்கு ‘ஆல்பியன்’ என்ற கருவியை உருவாக்கினான். ஒரு கொல்லரின் மகன் இங்கிலாந்தின் செல்வாக்கான மடம் ஒன்றுக்குத் தலைவராக முடிந்தது என்பதே அந்தக் காலத்தைப் பற்றி நமக்கு ஒரு செய்தி. வழி குறுகலானது, ஆனாலும் வழி இருந்தது.

மடாதிபதியானதும் ரிச்சர்ட் பெரும் செலவில் ஒரு கடிகாரம் கட்டத் தொடங்கினார். மணி மட்டும் காட்டுகிற கடிகாரம் அல்ல. சூரியன் எங்கே, நிலவு வளர்கிறதா தேய்கிறதா, கிரகணம் எப்போது, லண்டன் பாலத்தடியில் கடல் எப்போது ஏறும் என்பதுவரை காட்டும். ஐரோப்பாவில் இயந்திரக் கடிகாரம் என்ற பொருளே பிறந்து சில பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தன.

அப்போது மடத்துக் கோயிலின் தென்பக்கத் தூண்கள் சரிந்து கிடந்தன. பார்க்க வந்த மன்னர் மூன்றாம் எட்வர்ட் கேட்டுவிட்டார்: கோயில் இடிந்து கிடக்கும்போது கடிகாரத்தில் இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறீர்களே? ரிச்சர்ட் அசரவில்லை. கோயிலைக் கட்ட எனக்குப் பின்னாலும் ஆட்கள் வருவார்கள், நான் போய்விட்டால் இந்தக் கடிகாரத்தை முடிக்க ஆள் கிடைக்காது என்றார். ஏற்கெனவே அவரைத் தொழுநோய் தின்றுகொண்டிருந்தது. தன்னிடம் எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்ற கணக்கு அவருக்குத் தெரியும்.

ஆலைச் சக்கரமும் கடிகாரச் சக்கரமும் ஒரே வம்சம். பல்லோடு பல் பொருந்திச் சுற்றுகிற சூத்திரத்தை அந்த ஊரில் ரிச்சர்டைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. இவ்வளவு நுட்பமான ஒரு மனிதர் 80 திருகைகளைப் பார்த்து என்ன செய்தார்?

முன்னவர்கள் செய்யத் துணியாததைச் செய்தார்.

*

ஊராருக்கு ஹியூ விட்டுக்கொடுத்ததை ரிச்சர்ட் ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடுங்கினார். நோய் முகத்தைச் சிதைத்தது, பேச்சு குளறியது, பிடி மட்டும் தளரவில்லை. வழக்குமேல் வழக்கு. 1331–32 வாக்கில் ஊர் களைத்துப் போய்ப் பணிந்தது. உரிமைப் பத்திரத்தை மடத்திடமே திருப்பித் தந்தது. கூடவே திருகைக் கற்களும் வந்து சேர்ந்தன.

பறித்த கற்களை உடைத்துப் போட்டிருக்கலாம், ஆற்றில் தள்ளியிருக்கலாம். ரிச்சர்ட் அவற்றை மடத்தின் பேச்சுக் கூடத்தில், துறவிகளும் வெளியாட்களும் பேசிக்கொள்ள அனுமதி உள்ள அறையில், தரையாகப் பதிக்கச் சொன்னார். மடத்தோடு பேச வருகிற ஊர்க்காரன் யாராக இருந்தாலும் தன் அம்மா அரைத்த கல்லை மிதித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

1336-ல் ரிச்சர்ட் இறந்தார். கடிகாரம் முடியவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய குறிப்புகளை வைத்து மற்றவர்கள் முடித்தார்கள். 16-ம் நூற்றாண்டில் மடம் கலைக்கப்பட்டபோது அதுவும் அழிந்தது. குறிப்புகள் மட்டும் தப்பிப் பிழைத்ததால், அவற்றின்படி செய்த மாதிரி ஒன்றை இன்றைக்கும் செயின்ட் ஆல்பன்ஸ் பேராலயத்தில் பார்க்கலாம்.

*

கற்கள் தரையில் கிடந்தன. அவற்றின்மேல் 1348 வந்தது.

அந்த ஆண்டு கோடையில் தெற்குக் கடற்கரையில் கப்பலோடு இறங்கிய கொள்ளைநோய் மறு வருடம் செயின்ட் ஆல்பன்ஸை எட்டியது. மடாதிபதி மைக்கேல் இறந்தார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர்கள் இறந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட துறவிகள் இறந்தார்கள். ஊரிலும் நாட்டிலும் மூன்றில் ஒருவர், சில இடங்களில் இரண்டில் ஒருவர் போய்விட்டார்.

பிழைத்தவர்கள் கண்விழித்தபோது உலகம் மாறியிருந்தது. வயல் இருந்தது, அறுக்க ஆள் இல்லை. நேற்றுவரை வேலைக்காக வாசலில் நின்றவன் இன்று கூலியைத் தானே சொன்னான். கொடுக்காவிட்டால் பக்கத்து ஊருக்குப் போனான். 1351-ல் நாடாளுமன்றம் பதறிப்போய்ச் சட்டம் போட்டது: கூலி கொள்ளைநோய்க்கு முன் இருந்தபடியே இருக்க வேண்டும். கதிர் அறுப்பவனுக்கு ஆகஸ்ட் முதல் வாரத்தில் நாளுக்கு 2 பென்ஸ், இரண்டாம் வாரத்தில் 3 பென்ஸ். சாப்பாடு கேட்கக் கூடாது.

சட்டம் ஒருபக்கம் இருந்தது, சாப்பாடு மறுபக்கம் மாறியது. நார்ஃபோக்கில் செட்ஜ்ஃபோர்டு என்ற கிராமத்தின் அறுவடைக் கணக்குகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. 1256-ல் அறுவடை ஆட்களுக்குப் போட்ட உணவில் பார்லி ரொட்டிதான் பெரும்பங்கு, இறைச்சி பேருக்குத்தான். 1424-ல் அதே கிராமத்தில் கோதுமை ரொட்டி, தாராளமாக ஏல் என்கிற தானிய மது, உணவின் மதிப்பில் கால்வாசிக்கு மேல் இறைச்சி.

6,000 ஆலைகளால் உழைப்பாளியின் தட்டுக்கு வராத செழிப்பு, உழைப்பாளிகளில் மூன்றில் ஒருவராவது செத்த பிறகு வந்தது. கருவி வந்தபோது பலன் அதன் சொந்தக்காரருக்குப் போனது. வேலைக்கு ஆள் கிடைக்காமல் போனபோதுதான் உழைக்கிறவனால் விலை பேச முடிந்தது. இடைக்கால முன்னேற்றத்தைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

விலை பேசப் பழகியவன் வரி என்றதும் வாய்மூடிக் கிடப்பானா? பிரான்ஸோடு நடந்த ஓயாத போருக்காக 1380 இறுதியில் ஒரு தலைவரி போட்டார்கள். 15 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 12 பென்ஸ் என்ற விகிதத்தில். சட்டம் அனுமதித்த கூலிப்படி பார்த்தால் நாலு நாள் அறுவடை. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை என்று வீட்டில் மூன்று பேர் இருந்தால் பன்னிரண்டு நாள்.

1381 ஜூனில் எசெக்ஸும் கெண்டும் பற்றி எரிந்தன. வாட் டைலர் தலைமையில் கிளர்ச்சிக்காரர்கள் லண்டனுக்குள் புகுந்தார்கள்.

*

ஜூன் 14, வெள்ளிக்கிழமை. செயின்ட் ஆல்பன்ஸ் ஊரார் விடியற்காலையிலேயே லண்டனுக்குக் கிளம்பினார்கள். தலைமை வில்லியம் கிரிண்ட்காப். அந்த மடத்திலேயே கல்வி கற்றவர், அதே மடத்தோடு தீராப் பகை கொண்டவர். மன்னர் இரண்டாம் ரிச்சர்டிடம் முறையிட்டார்கள். அவருக்கு வயது 14. வாட் டைலரிடமும் பேசினார்கள். தேவைப்பட்டால் 20,000 பேரோடு வந்து உங்கள் துறவிகளின் தாடியை மழித்துவிடுகிறேன் என்று டைலர் வாக்குக் கொடுத்தார். அந்தத் தெம்போடு கிரிண்ட்காப் அன்றைக்கே ஊர் திரும்பினார். மன்னரின் ஓலைக்காக ஒருவர் மட்டும் லண்டனில் தங்கினார்.

ஜூன் 15, சனிக்கிழமை. மடத்து வாசலில் கூட்டம் நெரிந்தது. உள்ளே மடாதிபதி தாமஸ் டி லா மேர். கொள்ளைநோய் ஆண்டில் பொறுப்புக்கு வந்து 32 ஆண்டுகள் மடத்தை ஆண்ட பழுத்த கட்டை. செத்தாலும் மடத்தின் உரிமையை விடமாட்டேன் என்று முதலில் பிடிவாதம் பிடித்தவர்.

அப்போது லண்டனில் தங்கியிருந்தவர் செயின்ட் ஜார்ஜ் கொடியோடு வந்து சேர்ந்தார். கையில் மன்னரின் கடிதம். ஊராரின் பழைய உரிமைகளைப் பற்றி மடத்தில் இருக்கும் பத்திரங்களை அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று மடாதிபதிக்கு உத்தரவு.

கடிதத்தைக் கொண்டுவந்தவர் ஊரின் வசதியான குத்தகைதாரர்களில் ஒருவர். அவர் பெயர், ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட்.

ஆமாம், அதே பெயர். கற்களைத் தரையில் பதித்த மடாதிபதி கல்லறைக்குப் போய் 45 ஆண்டுகளுக்குப் பின், அதே பெயர் கொண்ட இன்னொருவர் அந்த மடத்தின் வாசலில் ஊராரின் பக்கம் நின்றார்.

மடாதிபதி கடிதத்தை வாசித்தார். டைலரின் 20,000 பேர் எந்நேரமும் வரலாம் என்று உள்ளே பயந்தார்கள், வெளியே நம்பினார்கள். ஆனால் அதே சனிக்கிழமை லண்டன் ஸ்மித்ஃபீல்டில், மன்னரின் கண்முன்னால், வாட் டைலர் வெட்டிச் சாய்க்கப்பட்டார். ஊரார் கையில் மன்னரின் வாக்கு இருந்தது. அந்த வாக்கை மன்னர் காப்பாற்றும்படி செய்யக்கூடிய ஒரே மனிதர் இனி இல்லை. இது தெரியாமலேயே ஊரார் மடத்துக்குள் நுழைந்தார்கள். நேராகப் பேச்சுக் கூடத்துக்குப் போனார்கள்.

அங்கே பெயர்த்தெடுத்த கற்களை என்ன செய்தார்கள்? டைலரின் சாவுச் செய்தி ஊருக்குள் வந்தபோது கிரிண்ட்காப் எங்கே இருந்தார்? ஒரு மாதம் கழித்து அதே 14 வயது மன்னர் ஆயிரம் பேர் படையோடு செயின்ட் ஆல்பன்ஸுக்கு வந்தது யாரைத் தேடி?

(அடுத்த வாரம்: உடைத்துப் பங்கிட்ட கற்கள்)